மஞ்சக்கடம்புக் கால்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஓடும் டவுன் பஸ்ஸில் டிரைவர் சீட்டை எடுத்துப் பல வருஷம் ஆகிறது. பஸ் தானே ஓடும், தானே நிற்கும், ஆடு குறுக்கே வந்தால் தானே ஹாரன் அடிக்கும். கண்டக்டரை மட்டும் எடுக்க முடியவில்லை. டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் வழியே மலையை ரசித்துக்கொண்டு வரும் நம்மூர் ஆட்களைக் கண்டுபிடிக்க எந்த மெஷினுக்கும் துப்பில்லை. கண்டக்டர் பாக்கியத்தாய்க்கு அது இருந்தது. ஏறினவன் முகத்தை ஒரே ஒரு பார்வை பார்ப்பாள். தேவைக்கு மேல் வெளியே பார்க்கிறவன், தேவைக்கு மேல் நிம்மதியாக இருக்கிறவன், இவர்களிடம்தான் முதலில் போய்க் கையை நீட்டுவாள்.

அந்தப் பஸ்ஸில் டிக்கெட்டோடு இலவசமாக இன்னொன்றும் கிடைக்கும், அவள் மகள் இசக்கியின் புராணம். தென்காசியில் ஏறுகிறவருக்கு இலஞ்சி வருவதற்குள் இசக்கி ஒன்பதாம் வகுப்பு படிப்பது தெரிந்துவிடும். குற்றாலத்தில் இறங்கும்போது அவளுடைய வலது கால் மஞ்சக்கடம்பு மரம் என்பதும், அந்தக் காலோடு ஓடி மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள் என்பதும் தெரிந்திருக்கும். கேட்டவர், கேட்காதவர் என்ற பேதமெல்லாம் பாக்கியத்தாயிடம் கிடையாது.

“மரக்காலா?” என்று செங்கோட்டைக்காரர் ஒருவர் ஒருநாள் கேட்டுவிட்டார்.

“மரக்கால்னா நெல்லு அளக்குறது அண்ணாச்சி. இது உயிர்க்கால். எம் பிள்ளை ஒரு இஞ்சு வளந்தா அதுவும் ஒரு இஞ்சு வளரும். உங்க பேரனுக்கு வாங்கின செருப்புக்கு அந்தப் புத்தி உண்டா?”

பஸ்ஸே சிரித்தது. செங்கோட்டைக்காரரும் சிரித்துவிட்டு மீதிக் கதையைக் கேட்டார். கேட்காமல் இருந்திருந்தாலும் அவள் விட்டிருக்கப்போவதில்லை.

இசக்கிக்கு நாலு வயதாக இருக்கும்போது ஒரு லாரி அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. வளர்கிற பிள்ளைக்குச் செயற்கைக் கால் என்பது ஓயாத தொல்லை. பழையது குட்டையாகிவிடும், புதியது செய்து, உரசிப் புண்ணாகி, ஒருவழியாகப் பழகி முடிப்பதற்குள் அதுவும் குட்டையாகிவிடும். அந்தச் சமயத்தில்தான் மலையடிவாரத்தில் டாக்டர் ஜெஸிந்தா என்பவர் உயிர்க்கால் மையம் ஒன்றைத் தொடங்கினார். மரத்தையும் மனித உடம்பையும் ஒட்டுப்போடுகிற வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவது போலத்தான், கொஞ்சம் சிக்கல் கூடுதல் என்று சர்வசாதாரணமாகச் சொல்வார். இசக்கியின் முழங்காலுக்குக் கீழே வைத்த மஞ்சக்கடம்புத் தண்டு பிடித்துக்கொண்டது. மஞ்சள் ஓடிய வழவழப்பான கால், அடியில் ஒட்டிய ரப்பர், கணுக்காலைச் சுற்றி மீசை மாதிரி மெல்லிய வேர்கள். சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதும்போது ஒரு வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொள்வாள். அவள் எழுதுவாள், கால் குடிக்கும்.

காலைப் பராமரிக்கிற விதத்தை டாக்டர் ஆரம்பத்திலேயே பாக்கியத்தாயை உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்.

“முழங்காலுக்குக் கீழ ஒரே ஒரு கொழுந்துதான் இருக்கணும் யக்கா. மிச்சம் எது துளிர்த்தாலும் கிள்ளிறணும். கொழுந்துலதான் ஆக்சின்னு ஒரு சத்து ஊறும். அது தண்டு வழியா கீழ இறங்கும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல ஈரமா ஒரு படலம் இருக்கு. ஆக்சின் வந்து தட்டி எழுப்பினாத்தான் அந்தப் படலம் புதுக் கட்டை கட்டும். ஒரு கொழுந்துன்னா அளவா வளரும். பத்து கொழுந்து விட்டா எல்லாம் சேந்து இறங்கி, கால் கண்டபடி வளந்துரும்.”

“அப்போ வருஷம் முச்சூடும் வளந்துகிட்டே இருக்குமா டாக்டரம்மா?”

“அங்கதான் அது தன்னோட மரக்குணத்தைக் காட்டும். மழை மாசத்துல ஆக்சின் ஏறும். அப்போ கட்டுற கட்டை அகல அகலக் குழாயா மெதுவா இருக்கும். மழை ஓய ஓய ஆக்சின் குறையும், கட்டை இறுகும். தை கடைசியில இலை உதுந்ததும் வேற ஒரு சத்து வந்து படலத்தைத் தூங்க வச்சிரும். மாசி, பங்குனி ரெண்டு மாசமும் கால் உறங்கும். உறங்குற காலுதான் உறுதியான காலு.”

“நாம கிள்ளுறது பிள்ளைக்குத் தெரியுமா?”

“மரத்துக்கு ஏது யக்கா நரம்பு? ஒண்ணும் தெரியாது.”

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பாக்கியத்தாய் மகளின் காலை மடியில் போட்டுக்கொண்டு, கறிவேப்பிலை உருவுகிற மாதிரி வேண்டாத துளிர்களைக் கிள்ளி எடுப்பாள். இசக்கி தலையைத் திருப்பிக்கொண்டு டி.வி. பார்ப்பாள். அம்மாவுக்கு அந்தக் காலைத் தொடும்போதெல்லாம் பெருமை தாங்காது. தான் பெற்ற பிள்ளையில் தான் பெறாத ஒரு பகுதியும் இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று நினைப்பாள். சில நாள் அதை வாய்விட்டும் சொல்லி மகளிடம் திட்டு வாங்குவாள்.

மாவட்டத்தில் முதலாவதாக வந்ததும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான மாநிலப் போட்டிக்கு அழைப்பு வந்தது. இருநூறு மீட்டர், பாளையங்கோட்டை மைதானம், பங்குனி மாதம். ஜெயித்தால் சென்னை விளையாட்டு விடுதியில் இடம் நிச்சயம். “பங்குனின்னா நல்லதாப் போச்சு, கால் நல்லா இறுகி இருக்கும்,” என்றார் டாக்டர். பாக்கியத்தாய்க்கு அதற்கு மேல் வாய் நிற்குமா? இலஞ்சி பூக்காரியிலிருந்து செங்கோட்டை அண்ணாச்சி வரை தன் பஸ்ஸில் ஏறின அத்தனை பேரையும் போட்டி பார்க்க வரச்சொல்லி, அவர்களுக்குத் தனி வண்டியும் பேசி வைத்துவிட்டாள். அவள் கணவன் சங்கரலிங்கம் மிக்சி ரிப்பேர் செய்கிறவன், வாய் பேசுவதே அபூர்வம். அவனே, “ஓடி முடிக்கட்டும் தாயி, அப்புறம் கூப்பிடுவோம்,” என்றான். அவள் காதில் அது விழவில்லை.

மாசி பிறந்ததும் இசக்கி பெரிய மனுஷியானாள்.

சேதி கேட்டு முதலில் வந்து இறங்கியவள் சங்கரலிங்கத்தின் அக்கா குருவம்மாள். வந்தவள் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள். தையிலேயே இலை உதிர்ந்து, கால் வெறும் கட்டையாக இருந்தது.

“பாக்கியம், மண்டபத்துல ஊரைக் கூட்டி வச்சு, பிள்ளையை இப்படி மொட்டைக் காலோடயா மணையில உக்கார வைப்பே?”

“இது உறங்குற காலம் மைனி. சித்திரையில துளிர்த்துரும்.”

“சித்திரையிலயா சடங்கு?” என்று கேட்டுவிட்டுக் குருவம்மாள் காபி குடிக்கப் போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. கழுத்து மொட்டையாக இருந்தால் இரவல் சங்கிலி வாங்கிப் போடலாம். காலுக்கு யாரிடம் போய் இரவல் கேட்பது? அதிலும் குருவம்மாள் மகளுடைய சடங்கில் அந்தப் பிள்ளைக்கு அசையக்கூட முடியாதபடி நகை போட்டிருந்தார்கள். பாக்கியத்தாய் ஒரு நாள் யோசித்தாள். அடுத்த நாளிலிருந்து வாளியில் வெறும் தண்ணீருக்குப் பதிலாக அரிசி கழுவிய தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்ற ஆரம்பித்தாள். பெரிய மனுஷியான பிள்ளையைத் தனியாக முன்பக்க மூலையில் உட்கார வைப்பது அவர்கள் வழக்கம். அந்த மூலைக்கு நேர் மேலேதான் வாசல் பந்தலின் டியூப்லைட்டும் சீரியல் செட்டும் விடிய விடிய எரிந்தன. பிள்ளைக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும், காலுக்குக் கழுநீரும் வெளிச்சமும் என்று கவனிப்பு பலமாக நடந்தது. மரம் பாவம், கோடை முடிந்து மழை வந்துவிட்டது என்று நினைத்துவிட்டது. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை பொட்டுப் பொட்டாகத் துளிர்கள் எட்டிப் பார்த்தன. கிள்ள வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளைப் பாக்கியத்தாய் வேண்டுமென்றே மறந்தாள்.

சடங்கன்று இசக்கி பட்டுப் பாவாடையை ஒரு சாண் தூக்கிக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். வலது கால் முழுக்க இளம்பச்சை இலைகள், ஒவ்வொன்றும் இதய வடிவில், தளதளவென்று இருந்தன. மண்டபமே எழுந்து வந்து பார்த்தது. பெண்கள் வரிசையில் நின்று இலையைத் தொட்டுத் தடவினார்கள். குழந்தைகள் கன்னத்தில் ஒற்றிக்கொண்டன.

“தங்கத்துல கொலுசு போட்டாக்கூட இந்த அழகு வருமா!” என்று குருவம்மாளே சொல்லிவிட்டாள்.

பாக்கியத்தாய்க்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெருமையே வயிற்றை நிறைத்திருந்தது. இசக்கியும் அன்று ஒரு தினுசாக, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கழித்துப் பயிற்சிக்குப் போன பிள்ளை நொண்டிக்கொண்டு திரும்பி வந்தாள். வலது கால் இடது காலை விட விரல் பருமன் நீண்டிருந்தது. ஓடும்போது பச்சைக் கம்பு மாதிரி வளைகிறது என்றாள். அம்மா அவளை மையத்துக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் ஜெஸிந்தா காலைப் பார்த்தார். இலைகளைப் பார்த்தார். அப்புறம் பாக்கியத்தாயைப் பார்த்தார்.

“எத்தனை கொழுந்து இருக்கு யக்கா இதுல?”

“சடங்கு டாக்டரம்மா,” என்றாள் பாக்கியத்தாய் மெல்ல. “சொந்தக்காரங்க எல்லாரும் வந்திருந்தாவ.”

“மாசி மாசம் உறங்குற காலைத் தட்டி எழுப்பி வச்சிருக்கீங்க. இவ்வளவு கொழுந்துல இருந்தும் ஆக்சின் ஆறா இறங்கிட்டு இருக்கு. மழைக்காலத்துல கட்ட வேண்டிய மெதுக் கட்டையை இப்போ கட்டுது, அதுவும் ரெண்டு பங்கு. இந்தக் காலோட வேகமா ஓடினா கீறல் விடலாம். ஓடினாலும் ஜெயிக்க முடியாது.”

பாக்கியத்தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் செஞ்ச கிறுக்குத்தனத்துக்குப் பிள்ளையைத் தண்டிக்காதீங்க. ஏதாவது வழி சொல்லுங்க.”

டாக்டர் ஒரு கொழுந்தை விரலால் நீவிப் பார்த்தார். பிறகு சொன்னார். “ஒரு வழி இருக்கு. கோடையில மரம் தானா சுரக்குற உறக்கச் சத்தை ஊசியா போடலாம். கொழுந்தை எல்லாம் எடுத்துட்டு, ஊசி போட்டா கால் உறங்கிரும். போட்டிக்குள்ள கட்டை இறுகிரும். ஆனா இவ்வளவு வேகமா வளர்ற நேரத்துல அடக்கினா, திரும்ப முழிக்குமாங்கிறது சந்தேகம். முழிக்கலைன்னா இது வெறும் கட்டை. பழையபடி வருஷா வருஷம் வேற கால் மாத்தணும்.”

“முழிக்கவும் செய்யலாம்லா?”

“செய்யலாம். பாதிக்குப் பாதி.”

பாக்கியத்தாய் மகளைப் பார்த்தாள். சென்னை விடுதி, சட்டையில் குத்திய மெடல், தனி வண்டியில் வந்து இறங்கப்போகும் சனம், எல்லாம் அவள் கண்முன் வந்து போயின. “நீ என்னட்டி சொல்லுத?”

“உன் இஷ்டம்மா,” என்றாள் இசக்கி.

“போடுங்க டாக்டரம்மா,” என்றாள் பாக்கியத்தாய்.

மறுநாள் மையத்தில் இசக்கியை நாற்காலியில் உட்கார வைத்து, காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்தார்கள். மேசையில் ஊசி தயாராக இருந்தது. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு கொழுந்துகளை ஒவ்வொன்றாகக் கிள்ள ஆரம்பித்தார். பாக்கியத்தாய் எதிரே நின்றாள். மகள் பயந்துவிடக் கூடாதே என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசக்கி பயப்படவில்லை. ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மலையில் அன்றைக்குப் பார்க்கும்படியாக ஒன்றுமே இல்லை, வெயிலில் வறண்டு கிடந்தது. இருந்தும் அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள்.

பாக்கியத்தாய்க்குச் சுருக்கென்றது. இந்த முகத்தை அவள் தினமும் பார்க்கிறாள். டிக்கெட் எடுக்காதவன் முகம்.

டாக்டர் இன்னொரு கொழுந்தைக் கிள்ளினார். நாற்காலிக்கு அடியில் இசக்கியின் இடது கால் விரல்கள் மடங்கின. அடுத்ததைக் கிள்ளினார். மறுபடியும் மடங்கின.

“நிறுத்துங்க,” என்றாள் பாக்கியத்தாய்.

“என்ன யக்கா?”

“நிறுத்துங்கங்கிறேன்.” மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “ஏட்டி. என் மூஞ்சியைப் பாரு. கிள்ளுறது உனக்குத் தெரியுதா?”

இசக்கி தலையை ஆட்டினாள், இல்லை என்று.

“எங்கிட்டயே டிக்கெட் இல்லாம வாரியா? பாத்துச் சொல்லு.”

பிள்ளையின் உதடு கோணியது. “தெரியும்மா,” என்றாள். “வலின்னு இல்ல. பல்லு கூசுமே, அது மாதிரி.”

டாக்டர் கையிலிருந்த கொழுந்தைக் கீழே போட்டார். “எப்போ இருந்து?”

“ஒண்ணாப்புப் படிக்கும்போதே இருந்து மேடம். முதல்ல லேசா இருக்கும். மழைக்காலத்துல கூடும். பங்குனியில சுத்தமா இருக்காது.”

“நரம்பு படலத்துக்குள்ள வளந்திருக்கு,” என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “படலம் முழிச்சிருக்கும்போது தெரியுது. ஆக்சின் வழியிலயே நரம்பும் போயிருக்கு.” நாற்காலி ஒன்றைத் தேடி உட்கார்ந்தார். அவருடைய இத்தனை வருஷத்துப் படிப்பும் சேர்ந்து அவருடன் உட்கார்ந்த மாதிரி இருந்தது. “வாரா வாரம் கிள்ளச் சொன்னேனேம்மா. ஏன் சொல்லலை?”

“கிள்ளாட்டா கால் கோணலா வளரும்னு சொன்னீங்கல்லா. சொன்னா அம்மா கிள்ள மாட்டா, அழுவா. நீங்க நரம்பை எடுத்துருவீங்க.” இசக்கி சற்று நிறுத்தினாள். “இங்க வார பிள்ளைங்க எல்லாத்துக்கும் தெரியும் மேடம். நாங்க பேசி வச்சுக்கிட்டோம். வெளிய சொல்லக்கூடாதுன்னு.”

மையத்தில் உயிர்க்கால் வைத்த பிள்ளைகள் பதினைந்து பேருக்கு மேல் இருந்தார்கள். அதில் மிகச் சின்னது இன்னும் பால் பல் விழாத பையன். அவ்வளவு பேரும் ஒரு வார்த்தை வெளியே விடாமல் கட்டுக்கோப்பாக இருந்திருக்கிறார்கள். பாக்கியத்தாய்க்கு அந்த நேரத்திலும், கண்ணீரோடு கூடவே, ஒரு பெருமை மூக்கை நுழைத்தது. இவள்தான் தலைவியாக இருந்திருப்பாள், சந்தேகமில்லை.

“நரம்பை எடுத்தா என்னட்டி? கூசாதுல்லா?”

“கூசுறது மட்டுமா தெரியும்? மழை வாரதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள ஏறும்மா, சில்லுனு. சடங்கு அன்னைக்கி எல்லாரும் இலையைத் தொட்டாவல்லா? ஒவ்வொருத்தர் கையும் தெரிஞ்சுச்சு. குருவத்தை கை சொரசொரன்னு இருந்துச்சு. நல்லா இருந்துச்சும்மா எனக்கு.”

பாக்கியத்தாய் ஊசியைப் பார்த்தாள். “அப்போ இதைப் போட்டா?”

இசக்கி மறுபடியும் மலைப்பக்கம் திரும்பப் பார்த்தாள், அம்மா விடவில்லை.

“போன வருஷம் அம்பாசமுத்திரம் ஆரோனுக்குக் கால் வீங்குச்சுன்னு கொஞ்சூண்டு போட்டாவ. சுவிட்சை அமத்தின மாதிரி போயிட்டுன்னு சொன்னான். திரும்ப வாரதுக்கு ஒரு மாசம் ஆச்சு. அவன் தினமும் அழுதான், அவுங்க வீட்டுல பரீட்சைக்குப் பயப்படுதான்னு நினைச்சிட்டாவ.” அவள் குரல் இறங்கியது. “எனக்கு நாலு வயசுல ஒரு தடவ போச்சும்மா. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா சரின்னே?”

“நீ பஸ்ஸு பூரா சொல்லி வச்சிருக்கியே.”

பாக்கியத்தாய்க்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிறகு எழுந்து, மேசையிலிருந்த ஊசியை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். டாக்டரிடம் அனுமதி கேட்கவில்லை, டாக்டரும் தடுக்கவில்லை.

“போட்டி வேண்டாம்,” என்றாள். “நான் பஸ்ஸுல சொல்லிக்கிடுதேன்.”

“நான் ஓடுவேன்,” என்றாள் இசக்கி.

“கட்டை மெதுவா இருக்கும்மா,” என்றார் டாக்டர். “ஜெயிக்க முடியாது. முழு வேகத்துல ஓடவும் கூடாது.”

“தெரியும் மேடம். பாதி வேகத்துல ஓடுதேன். மாநிலப் போட்டியில ஓடினேன்னு இருக்கும்லா.” அம்மா பக்கம் திரும்பினாள். “தோத்தா உனக்குக் கேவலமா இருக்குமாம்மா?”

பாக்கியத்தாய் பொய் சொல்லிப் பழகாதவள். “இருக்கும்,” என்றாள். “இருந்துட்டுப் போவுது. நீ ஓடு.”

டாக்டர் வழக்கமான ஒரு கொழுந்தை விட்டு மற்றவற்றை எடுத்தாக வேண்டியிருந்தது. இந்தமுறை மரப்பு மருந்தைத் தடவி, ஒவ்வொன்றுக்கும் இசக்கியிடம் கேட்டுக் கேட்டு எடுத்தார். அன்று சாயங்காலமே மற்றப் பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் அவரே நேரில் போகப் புறப்பட்டார். மையத்தை மூடச் சொல்வார்களோ என்ற பயம் அவருக்கு இருந்தது. இருந்தும் போனார்.

பங்குனி வெயிலில் பாளையங்கோட்டை மைதானம் கொதித்தது. தனி வண்டி சொன்னபடி வந்து சேர்ந்தது. பூக்காரி, செங்கோட்டை அண்ணாச்சி, குருவம்மாள், முன்பின் தெரியாத பயணிகள் என்று படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பிள்ளை இன்று ஜெயிக்கமாட்டாள் என்று பாக்கியத்தாய் பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லித்தான் இருந்தாள். ஒருத்தரும் நம்பவில்லை. இத்தனை நாள் அவள் அளந்த அளப்பு அப்படி. டாக்டர் ஜெஸிந்தாவும் மையத்துப் பிள்ளைகளோடு வந்து வேலியோரம் நின்றார். எந்த வீட்டிலும் காலை எடுக்கச் சொல்லவில்லை, ஆனால் இரண்டு வீட்டில் கதவைத் திறக்கவில்லை என்று சங்கரலிங்கத்திடம் சொன்னார்.

இசக்கி நான்காவது தடத்தில் நின்றாள். மற்றவர்கள் எல்லோருக்கும் வளைந்த கறுப்புத் தகட்டுக் கால். இவளுக்கு மட்டும் மஞ்சள் கட்டை, முழங்காலுக்குக் கீழே ஒற்றைக் கொழுந்து. இடது ஷூவுக்குள் தடித்த அட்டை வைத்து உயரத்தைச் சரிக்கட்டியிருந்தார்கள்.

துப்பாக்கி வெடித்தது. பாதி வேகம் என்று வாக்குக் கொடுத்தவள் முக்கால் வேகத்தில் பறந்தாள். வளைவு தாண்டும்போது மூன்றாவது இடத்தில் இருந்தாள். “ஓடு ஓடு!” என்று படி முழுக்கக் கத்தியது. பாக்கியத்தாய் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலையே பார்த்தாள்.

நேர்ப்பாதைக்கு வந்ததும் வலது காலிலிருந்து ஏதோ தெறித்துப் பறந்தது. இசக்கி தடுமாறி, அப்படியே நின்றுவிட்டாள்.

“போச்சு, கீறிட்டு!” என்று பாக்கியத்தாய் படிகளில் விழுந்தடித்து இறங்கினாள். மற்றவர்கள் இசக்கியைத் தாண்டி ஓடினார்கள். அவள் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை ஒருமுறை தூக்கினாள், மெதுவாகக் கீழே வைத்தாள். திரும்பத் தூக்கினாள். பிறகு ஓட ஆரம்பித்தாள். ஓட்டமா அது? நெருப்பை மிதித்தவள் மாதிரி, துள்ளித் துள்ளி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு, எல்லோரும் முடித்துத் தண்ணீர் குடிக்கப் போன பிறகு கடைசி ஆளாகக் கோட்டைத் தாண்டினாள்.

பாக்கியத்தாய் வேலியைத் தாண்டி வந்து மகளைத் தாங்கிப் பிடித்தாள். டாக்டரும் பின்னாலேயே வந்து மண்டியிட்டுக் காலைத் தடவிப் பார்த்தார். எங்கும் கீறல் இல்லை. அடியில் ஒட்டியிருந்த ரப்பர்தான் இல்லை. புதுக் கட்டை பிதுக்கிய பிதுக்கலில் பசை விட்டு, ரப்பர் கழன்று பறந்திருக்கிறது. முன்பு செத்த பட்டையாக இருந்த உள்ளங்கால் முழுக்க ஈரமாக, இளமஞ்சளாக, புதிதாக இருந்தது.

“படலம் அடிவரைக்கும் இறங்கிட்டு,” என்றார் டாக்டர்.

இசக்கி இன்னும் வலது காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றாள். கண்ணில் தண்ணீர், முகத்தில் சிரிப்பு.

“என்னட்டி ஆச்சு? ஏன் நின்ன? ஏன் இப்படிக் குதிக்க?”

“சுடுதும்மா.”

“என்னது?”

“தரை, தரை சுடுது. இந்தக் காலுக்கு.”

பாக்கியத்தாய் மகளின் வலது காலைப் பார்த்தாள். அப்புறம் படியில் உட்கார்ந்திருந்த சனத்தைப் பார்த்தாள். பூக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செங்கோட்டை அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கடைசியாக வந்த பிள்ளையின் அம்மா முகத்தைப் பார்க்க அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

பாக்கியத்தாய் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், பதினாலு வயதுப் பிள்ளை என்றும் பார்க்காமல். பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கிற அந்தக் குரலில், மைதானமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

“கேட்டியளா எல்லாரும்! எம் பிள்ளைக்குக் கால் சுடுதாம்! ரெண்டு காலும் சுடுதாம்!”